அராவிச் சேர்த்த சுருதி

வெம்பிளியில் எந்தக் கலைவிழா நடந்தாலும் நான் இப்போது போவதில்லை. அழைப்பிதழை நீட்டுகிறவர்களிடம் முழங்கால் வலி என்று சொல்லிவிடுகிறேன். முழங்காலுக்கு ஒரு மண்ணும் இல்லை. அந்த மண்டபங்களின் வாசலில் மட்டன் ரோல் வாசம் மூக்கில் பட்டாலே எனக்கு அருவருக்கிறது. அருவருப்பு விழாவின் மேல் மட்டுமில்லை, என் மேலும்தான். ஒரு மனிதர் தன் ஊர்க்கோயிலுக்கென்று நேர்ந்து வைத்திருந்த வாத்தியங்களை இந்தக் கையால் அராவிக் கெடுத்தவன் நான். கெடுத்ததோடு நிற்கவில்லை. அதற்காக மேடையேறிப் பொன்னாடையும் போர்த்திக்கொண்டேன். சீ!

எனக்குத் தொழில் இரும்பும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும். ஜெர்மனியில் எட்டு வருடம் லேத் மெஷினோடு மாரடித்துவிட்டு லண்டனுக்கு வந்தவன். உணவகச் சமையலறைகளுக்கு மேசை, தொட்டி, அடுப்புக்கு மேலே புகையை இழுக்கும் கூடு எல்லாம் செய்து பூட்டிக்கொடுப்பேன். அப்படி ஒரு சமையலறைக்குப் போனபோதுதான் அந்தப் பாலித்தீவுக்காரரைக் கண்டேன். அங்கே அவர்தான் தலைமைச் சமையற்காரர். காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன், சின்ன இலைத்தட்டொன்றில் நாலு பூவும் கொஞ்சம் சோறும் வைத்து, ஊதுபத்தி கொளுத்தி அடுப்பின் ஓரத்தில் வைத்தார். நான் ஏணியில் நின்றபடி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். "இந்துவா?" என்று கேட்டேன். தலையாட்டினார். தொலைந்துபோன சித்தப்பா மகனைக் கண்டுபிடித்த மாதிரி எனக்கு ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்கே கூட்டாளியாகிவிட்டோம். நாங்கள் பேசியதெல்லாம் அரைகுறை ஆங்கிலம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவரிடம் கமெலான் வாத்தியங்கள் இருந்தன. பாலியில் கோயில் திருவிழா என்றாலும் நடனம் என்றாலும் அதுதான் வாசிப்பார்களாம். செதுக்கிய மரச் சட்டகம், உள்ளே மூங்கில் குழாய்கள், குழாய்களுக்கு மேலே கயிற்றில் தொங்கும் பத்து வெண்கலச் சட்டங்கள். ஒரு கையால் சின்ன மரச்சுத்தியல் கொண்டு அடிக்க வேண்டும். அடித்த சட்டத்தை மற்றக் கையால் பிடித்து ஒலியை நிறுத்த வேண்டும். அப்படி நாலு வாத்தியம், இரண்டு சோடி. கூடவே ஒரு மத்தளம், தொங்கவிட்டு அடிக்கும் பெரிய கோங் ஒன்று, தாளம். அந்த நாலையும் தன் ஊர்க்கோயில் வாத்தியங்களின் சுருதிக்கே ஊர்ப்பக்கத்துக் கொல்லரைக் கொண்டு செய்வித்திருந்தார். ஒவ்வோர் ஊருக்கும் தனிச் சுருதியாம். ஓர் ஊர் வாத்தியம் அடுத்த ஊர் வாத்தியத்தோடு சேராதாம்.

"லண்டனில் இருக்கும்வரை நாங்கள் வாசிப்போம். மூன்று வருடத்தில் ஊருக்கே திரும்பிப் போகிறோம். அப்போது கோயிலுக்குக் கொடுத்துவிடுவதாகச் சாமிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்," என்றார்.

நேர்த்திக்கடன் என்றால் என்னவென்று எனக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தேன். அதை நினைக்கத்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அவர்கள் இருந்தது அப்டன் பார்க்கில், கடைக்கு மேலே ஓர் அறையில். வாத்தியங்கள் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நெருக்கியடித்துக் கிடந்தன. தட்டினால் கீழ்க்கடைக்காரர் மேலே வந்து கத்துவாராம். என் பட்டறையின் பின்பக்கம் சும்மா கிடந்த இடத்தைக் கொடுத்தேன். இரண்டு வருடம், ஞாயிறு காலை தவறாமல் அங்கேதான் பழக்கம். அவரும், அவர் ஊர்க்காரர் சிலரும், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற இரண்டு மூன்று வெள்ளைக்காரர்களும் வாசிப்பார்கள். அவருடைய மனைவி ஆடுவார். வார நாளெல்லாம் ஹோட்டலில் கட்டில் விரிப்பு மாற்றுகிறவர். ஆட நின்று கண்ணை ஒரு வெட்டு வெட்டினால் என் பட்டறையே நிமிர்ந்து உட்காரும். வாத்தியத்துக்குக் கிட்டச் செருப்போடு போகக் கூடாது. அதைக் கடந்து கால் வைக்கக் கூடாது. இதெல்லாம் எங்கள் வழக்கம்தானே என்று நான் பூரித்துப்போவேன். தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு ஒரு ஸ்டூலில் இருந்து கேட்பேன்.

ஆனால் உள்ளுக்குள் ஓர் அரியண்டம், ஓர் உறுத்தல் இருந்தது. சுருதி சேரவில்லை. ஒரு சோடியின் இரண்டு வாத்தியத்திலும் ஒரே சட்டத்தைச் சேர்த்து அடித்தால், ஒலி ஒன்றாக நிற்காமல் வௌவௌவென்று துடிக்கும். நான் சின்ன வயதில் மிருதங்கம் பழகினவன். சுருதி மயிரளவு பிசகினாலும் மண்டையில் குட்டு வாங்கி வளர்ந்த காது இது. பாவம், கொல்லன் இவருடைய தலையில் மிளகாய் அரைத்துவிட்டான் என்று நினைத்தேன். சொன்னால் மனிதர் நொந்துபோவாரே என்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். வாசித்து முடித்ததும் "நன்றாக இருக்கிறது" என்று பல்லை இளிப்பேன். எங்கள் ஆட்களின் மரியாதை இதுதான். முகத்துக்கு நேரே ஒரு கேள்வி கேட்க மாட்டோம். ஆள் போனபிறகு நாங்களே முடிவெடுத்துவிடுவோம்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் பாலி நடனம் வைக்கலாம் என்று சொன்னதும் நான்தான். சங்கத் தலைவர் உடனே "கடல் கடந்த சைவம்" என்று தலைப்பே வைத்துவிட்டார். அங்கே இருப்பது சைவமா வேறொன்றா என்பதெல்லாம் அவருக்கு அக்கறையில்லை. நோட்டீஸில் போட ஒரு வரி கிடைத்தால் போதும். நான் செய்தியைக் கொண்டுபோனபோது சமையற்காரரின் மனைவி ஒரு கேள்விதான் கேட்டார்.

"பார்க்க வருகிறவர்கள் கோயிலுக்குப் போகிறவர்களா?"

"எல்லாரும் போகிறவர்கள்தான்," என்றேன்.

"அப்படியென்றால் பூத் தூவுகிற ஆட்டத்தை ஆடுகிறேன்."

அது சாமியை வரவேற்கிற ஆட்டமாம். இதுவரை அவர் ஆடியதெல்லாம் ஷொப்பிங் சென்டரிலும், ஆட்கள் நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருக்கிற உணவகங்களிலும். அங்கே அந்த ஆட்டத்தை ஆட மனம் வரவில்லை என்றார். அந்த வாரமே தலையணிக்கு வேண்டிய பூக்களைத் தேடத் தொடங்கிவிட்டார்.

விழாவுக்கு முந்திய ஞாயிறு தலைவரும், சங்கத்தில் இசைக்குப் பொறுப்பான சங்கீத ரீச்சரும் பட்டறைக்கு வந்தார்கள். ரீச்சர் சட்டன் பகுதியில் பிள்ளைகளுக்கு வயலினும் வாய்ப்பாட்டும் படிப்பிக்கிறவர். லண்டனில் சரியான காது தனக்கு மட்டும்தான் என்று ஒரு நினைப்பு. பழக்கத்தை இரண்டு நிமிடம் கேட்டார். மூக்கைச் சுழித்தார். என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

"அண்ணை, உது பூபாளம். ஆனா ஒரு சுரமும் இடத்தில நிக்கேல்லை. போதாக்குறைக்குச் சோடிக்குள்ளயே சுருதியும் சேரேல்லை. உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

"ரெண்டு வருஷமாக் கேக்குது ரீச்சர்."

"பிறகென்ன? உதை என்னெண்டு எங்கட மேடையில ஏத்துறது? என்ர பிள்ளையள் முன்வரிசையில இருக்குங்கள். உந்தக் கூத்தை அதுகள் கேக்கக் கூடாது."

தலைவருக்கு இது பெரிய காரியமாகவே படவில்லை. "அப்ப ஐட்டத்தை வெட்டிவிடுவம். சினிமாப் பாட்டுக்கு ஆட நாலு குறூப் வரிசையில நிக்குது," என்றார்.

எனக்குப் பகீரென்றது. பூக்களைத் தேடிக்கொண்டிருக்கிற அந்தப் பெண்ணிடம் போய் எந்த முகத்தோடு சொல்வது?

"கொஞ்சம் பொறுங்கோ," என்றேன். "வெண்கலம்தானே. அராவினாச் சரிவரும். நடுவில தேய்ச்சாச் சுரம் இறங்கும், நுனியில தேய்ச்சா ஏறும். நான் செய்யிறன்."

யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. சொன்னது நான்தான். அதைவிடக் கேவலம், சொன்னபோது எனக்குள் ஒரு பக்தியும் பொங்கியது. கோயிலுக்குக் கொடுக்கிற பொருளைக் குறையோடு கொடுக்கலாமா? குறையைத் தீர்த்துக் கொடுத்தால் அந்தப் புண்ணியத்தில் எனக்கும் ஒரு பங்கு வராதா? இந்தக் கணக்கும் மனதில் ஓடியது.

வீட்டில் சொன்னேன். என் மனைவி கறியைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"அவையிட்டக் கேட்டனீங்களோ?"

"கேட்டாக் கவலைப்படுவினம். மேடையில கேக்கேக்க தானாத் தெரியட்டும்."

"உங்களுக்கு விசர்," என்றாள். அவள் எதற்கும் என்னைப் பைத்தியம் என்றுதான் சொல்லுவாள் என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வியாழனும் வெள்ளியும் சமையற்காரருக்கு ஷிப்ட். அந்த இரண்டு நாளும் பட்டறையை உள்ளால் பூட்டிக்கொண்டு வேலை செய்தோம். ரீச்சர் கைப்பேசியில் சுருதி காட்டும் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டூலில் இருந்தார். நான் சட்டத்தைக் கவிழ்த்துப் பிடித்து அரத்தால் தேய்ப்பேன், நிமிர்த்தி அடிப்பேன். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்... ஆ, நிப்பாட்டுங்கோ," என்பார். நாற்பது சட்டம். ஒன்றைக்கூட விடவில்லை. சோடிகளை ஒன்றாக்கியதோடு ரீச்சருக்குத் திருப்தி வரவில்லை. ஐந்து சுரத்தையும் இழுத்துப் பிடித்து அசல் பூபாளத்தில் நிறுத்தினார். வெள்ளி பின்னேரம் ஒரு சோடியைச் சேர்த்து அடித்துக் கேட்டோம். துடிப்பு இல்லை. ஒலி ஒரே கோடாக நின்றது. "இப்பதான் அண்ணை இது வாத்தியம்," என்றார் ரீச்சர். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. என் வாழ்நாளில் இவ்வளவு நுணுக்கமாக நான் எதையும் அராவியதில்லை. சட்டத்தின் மேற்பக்கத்தைத் துணியால் துடைத்து மினுக்கியும் வைத்தேன், மூதேவி.

சனிக்கிழமை விழா. நாலு மணிக்கு என்று போட்டிருந்தார்கள். ஆறு மணிவரைக்கும் விளக்கே ஏற்றவில்லை. கவுன்சிலர் ஒருவர் வரவேண்டுமாம். அவர் வந்து, அவருக்கு மாலை போட்டு, அவருடைய மனைவிக்கு மாலை போட்டு, அவர் பேசி, அவரை வரவேற்று இன்னும் நாலு பேர் பேசி முடிக்க ஏழு மணி. சபையில் யாராவது கேட்டார்களா? கேட்பார்களா! பின்வரிசையில் வீட்டு விலை கதைக்கிறார்கள். நடுவரிசையில் பார்சல் சோறு திறக்கிறார்கள். பிள்ளைகள் சப்பாத்துக் காலோடு மேடையில் ஏறி ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள். வீடியோக்காரர் ஒருவர் வாத்தியங்களுக்கு மேலாக இந்தக் காலும் அந்தக் காலுமாகக் கடந்து போனார். ஓர் அம்மா தன் கைப்பையைக் கொண்டுவந்து கோங்கின் மேல் சாய்த்து வைத்தார். நான் ஓடிப்போய் எடுத்தேன். "ஏன் அண்ணை, என்ன உடைஞ்சே போகும்?" என்று என்னை முறைத்தார்.

சமையற்காரரும் மற்றவர்களும் வேலை முடித்து நேரே மண்டபத்துக்கு வந்திருந்தார்கள். வாத்தியங்களை என் வான் வண்டியில் ஏற்றி வந்து மேடையில் வைத்ததும் நான். நேரம் போய்விட்டதென்று தட்டிப்பார்க்கக்கூட விடவில்லை. இருபது நிமிட நடனத்தை எட்டு நிமிடமாகச் சுருக்கச் சொல்லித் தலைவர் கையைக் காட்டினார். சமையற்காரர் தலையாட்டினார். வாத்தியத்துக்கு முன்னால் இலைத்தட்டை வைத்து ஊதுபத்தி கொளுத்தினார். தலைவர் பாய்ந்து வந்து, "அலார்ம் அடிக்கும், அலார்ம் அடிக்கும்," என்று அதை வாயால் ஊதி அணைத்தார். சாமிக்கு வைத்த பத்தியை எச்சில் வாயால்! இந்தாள்தான் ஊர்க்கோயில் மாவைக் கந்தனைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்.

திரை விலகியது. சமையற்காரர் சுத்தியலை ஓங்கினார். எல்லாரும் சேர்ந்து முதல் அடி அடித்தார்கள். நாலைந்து அடிதான் போயிருக்கும். அவருடைய கை அந்தரத்தில் நின்றுவிட்டது. மற்றவர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அவர் ஒரு சட்டத்தை அடித்தார். கையை நீட்டி, பக்கத்து வாத்தியத்தில் அதே சட்டத்தை அடித்தார். குனிந்து கேட்டார். பிறகு சட்டத்தைக் கயிற்றோடு திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். என் அரம் போன தடம் புதுத் தகரம் மாதிரிப் பளபளத்தது.

சபையில் சலசலப்பு. ரீச்சர் மைக்கைப் பிடித்தார்.

"பாலி கலைஞர்கள் இப்ப ஆச்சரியத்தில இருக்கினம்! ஏனெண்டு சொல்லட்டோ? இவையளின்ர வாத்தியம் இவ்வளவு காலமும் சுருதி சேராமத்தான் இருந்தது. எங்கட சங்கம் அதைச் சுத்தமாச் சேர்த்துக் குடுத்திருக்கு. அதுக்கு உழைச்ச அண்ணையை மேடைக்கு வரச்சொல்லிக் கேக்கிறன்!"

மண்டபமே கைதட்டியது. அதுவரை ஒரு பேச்சையும் கேட்காத சனம் இதற்கு எழும்பி நின்று தட்டியது. நான் போனேன். ஐயோ, தலை கால் தெரியாத சந்தோஷத்தில் சேர்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனேன். தலைவர் பொன்னாடையைப் போர்த்தினார். வீடியோக்காரர் இன்னொருமுறை போர்த்தச் சொன்னார், இன்னொருமுறை போர்த்தினார். சமையற்காரர் கீழே சம்மணமிட்டு இருந்தபடியே என்னை அண்ணாந்து பார்த்தார்.

"நீங்களா?" என்றார்.

நான் சிரித்துக்கொண்டு ஆமென்று சொன்னேன்.

அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எழும்பினார். மற்றவர்களும் எழும்பினார்கள். என்ன நடக்கிறதென்று யாருக்கும் விளங்கும் முன்னமே தலைவர் திரையை இழுக்கச் சொல்லி, சினிமாப் பாட்டுக்காரப் பிள்ளைகளை முன்னால் தள்ளிவிட்டார். ஸ்பீக்கர் அதிரத் தொடங்கியது. சபை இதற்குத்தான் காத்திருந்த மாதிரி விசிலடித்தது.

திரைக்குப் பின்னால் போய், "என்ன பிரச்சினை? இப்போது எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது?" என்று கேட்டேன். இதைக் கேட்ட வாயை இப்போதும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவர் சத்தம் போடவில்லை. குழந்தைக்குச் சொல்வதைப்போல இரண்டு உள்ளங்கையையும் எனக்கு முன்னால் விரித்து, ஒன்றைச் சற்று உயர்த்திப் பிடித்துச் சொன்னார். சோடியில் ஒன்றைக் கொல்லர் மயிரளவு தாழ்த்தி வைப்பார், மற்றதை மயிரளவு உயர்த்தி வைப்பார். இரண்டையும் சேர்த்து அடிக்கும்போதுதான் ஒலியில் அலை எழும்பும். அந்த அலைதான் வாத்தியத்தின் உயிர். ஒன்றாக்கிவிட்டால் அது செத்த வெண்கலம். பிறகு இரண்டு கையையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து கீழே போட்டார்.

"நான் திரும்ப அராவித் தருகிறேன். எத்தனை நாளானாலும் இருந்து செய்கிறேன்," என்றேன்.

"எதைக் கேட்டு அராவுவீர்கள்? இதன் சுருதி என் ஊரில் இருக்கிறது. இந்தச் சுரம் ஐந்தும் எங்களுடையவை இல்லை. மெலிந்த வெண்கலமும் இனித் தடிக்காது. இதை நான் கோயிலில் வைக்க முடியாது."

"சாமிக்குச் சொன்னது?"

அவர் மற்றவர்களோடு வாத்தியங்களைத் தூக்கப் போய்விட்டார். நான் கை கொடுக்கப் போனேன். வேண்டாமென்று தலையை அசைத்தார்.

அவருடைய மனைவி மூலையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். பொன்னிறத் தலையணி, அதில் நிறையப் பூ, முகமெல்லாம் சாயம், மடியில் பூத் தட்டு. மேடையில் ஓர் அடிகூட வைக்கவில்லை. என்னைக் கண்டதும் எழும்பினார்.

"ஒவ்வொரு ஞாயிறும் எங்களோடு இருந்தீர்கள்," என்றார்.

"ஆம்."

"இரண்டு வருடமும் நாங்கள் பிழையாக வாசிக்கிறோம், நான் பிழையான இசைக்கு ஆடுகிறேன் என்றா நினைத்துக்கொண்டிருந்தீர்கள்?"

தெரியாமல் நடந்தது, ரீச்சர்தான் சொன்னார், தலைவர் வெட்டப் பார்த்தார் என்று சொல்லத் தொண்டைவரைக்கும் வந்தது. அவர் கேட்டது அதுவல்ல. பொன்னாடை கழுத்தில் வியர்வையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆமென்று தலையாட்டினேன்.

அவருக்குக் கோபம் வரும், அழுவார், ஏசுவார் என்று நின்றேன். அது ஒன்றும் வரவில்லை. அழுகிய மீனைத் தெரியாமல் தொட்டுவிட்டவரின் முகம் அது. நான் நின்றது வாசலுக்குப் போகிற வழியில். விலகி இடம் விட்டேன். அவர் அந்தப் பக்கம் வரவில்லை. ஆட்ட உடுப்பு என்மேல் பட்டுவிடாமல் ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, மேசைகளைச் சுற்றி மறுபக்கத்தால் போனார்.